நால்வரும் வந்தாக வேண்டும்

சென்ற தை மாதத்தில் ஒரு பள்ளிக்கூட நிர்வாகியிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். கதை எழுதுகிறவன் கதையோடு நின்றிருக்க வேண்டும். யோசனை சொல்லப் புறப்பட்டிருக்கக் கூடாது.

நான் சொன்ன யோசனை இவ்வளவுதான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரிப்பது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு காகித வரைபடம், ஒரு திசைகாட்டி. காலையிலே நிரவியில் புறப்பட வேண்டும். வயல் வரப்பு, வாய்க்கால், சவுக்குத் தோப்பு எல்லாம் கடந்து, வரைபடத்தில் வட்டமிட்ட ஆறு இடங்களைக் கண்டுபிடித்துத் தொட்டுவிட்டு, பட்டினச்சேரிக் கடற்கரைக்கு வந்து சேர வேண்டும். அணிக்கு ஒரு செல்போன் உண்டு. ஆனால் அது உறைக்குள்ளே, அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். ஆபத்து என்றால் மட்டும் பிரிக்கலாம். நால்வரும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு. மூன்று பேர் முன்னால் ஓடி வந்து நின்றுகொண்டு, "அவன் பின்னாலே வந்துகொண்டிருக்கிறான் சார்" என்றால், அந்த அணி வரவே இல்லை என்று அர்த்தம். பரிசு, ஆளுக்கு ஓர் இளநீர்.

நிர்வாகி பொறுமையாகக் கேட்டார். காபி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"சார், இதெல்லாம் வெள்ளைக்காரன் கொழுப்பெடுத்து ஆடற ஆட்டம். டி.வி.யிலே நானும் பார்த்திருக்கேன். நமக்கு எதுக்கு? ரெண்டாவது, வழி பார்க்கத்தான் எல்லார் கையிலேயும் போன் இருக்கே. மூணாவது, எந்தப் பிள்ளையாவது தொலைஞ்சு போனா நான் இல்லே பதில் சொல்லணும்? இதுக்கு மார்க் உண்டா, சொல்லுங்க."

நான்காவதாகவும் ஒரு காரணம் சொன்னார். அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது கடைசியில் வரட்டும்.

அந்த மனிதரை நான் குறை கூறவில்லை. அவர் பேசியது நம்முடைய பேச்சு. பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, மறுபடி அதே வாசலில் ஏற்றிக்கொண்டு, இரண்டு தெருவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாமலே பத்தாம் வகுப்பு வரை வளர்த்துவிடுகிற நாம்தாம் அவர் வாயால் பேசினோம். ஆகவே இந்தக் கட்டுரை அவருக்கு மட்டும் எழுதிய பதில் என்று வாசகர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், அந்த ஆட்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு இடம் தேடுவது ஆரம்பத்தில் ராணுவத்துச் சமாசாரம். சுவீடன் நாட்டுச் சிப்பாய்களுக்குப் பயிற்சியாக இருந்தது, 1897-ல் நார்வேயில் பொது ஜனங்கள் கலந்துகொள்ளும் போட்டியாயிற்று. பிறகு 1989-ல், ழெரார் ஃபுஸில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் நியூசிலாந்தில் ஒரு பெரும் பந்தயத்தைத் தொடங்கினார். அணிக்கு ஐந்து பேர். அதில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆகவேண்டும். காட்டிலும் மலையிலும் ஆற்றிலும் இரவு பகலாகப் போக வேண்டும். மோட்டார் கூடாது. வழி காட்ட வரைபடமும் திசைகாட்டியும்தான்.

அந்த விதையிலிருந்து முளைத்தவை பல. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஈகோ சாலஞ்ச்' பந்தயம் நடுவில் நின்றுபோய், 2019-ல் பிஜித் தீவுகளில் மறுபடி நடந்தது. 66 அணிகள், 671 கிலோமீட்டர். படகு, சைக்கிள், கயிறு, கால்நடை எல்லாம் உண்டு, ஜி.பி.எஸ். மட்டும் கிடையாது. அதில் முதல் தடவையாக ஓர் இந்திய அணியும் போயிற்று. தாஷி, நுங்ஷி மாலிக் என்ற இரட்டைச் சகோதரிகள் அதிலே இருந்தார்கள். 2013 மே மாதம் 19-ஆம் தேதி இருவரும் சேர்ந்தே எவரெஸ்ட் உச்சியில் நின்றவர்கள். உலகத்தில் அப்படி நின்ற முதல் இரட்டைச் சகோதரிகள்.

இனி நிர்வாகியின் முதல் ஆட்சேபணை. வெள்ளைக்காரன் ஆட்டம், பணக்காரன் ஆட்டம்.

பிஜிக்குப் போய்ப் பந்தயம் ஓடப் பணம் வேண்டும், சந்தேகமில்லை. விமானம், படகு, சைக்கிள், சாப்பாடு என்று கணக்குப் பார்த்தால் நம்மில் பலருடைய வருஷச் சம்பளம் போய்விடும். ஆனால் பணக்காரன் பவுன் தட்டில் சாப்பிடுகிறான் என்பதற்காக நாம் சோற்றையே பணக்காரச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோமா? சுவீடனில் இது பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிப் பாடத்திலேயே இருக்கிறது. ஏழைப் பிள்ளை, பணக்காரப் பிள்ளை எல்லாரும் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார்கள். அதற்கு வேண்டியது ஒரு வரைபடம், ஒரு காந்த ஊசி, இரண்டு கால்.

வெள்ளைக்காரன் ஆட்டம் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. பட்டினச்சேரியிலிருந்து பார்வைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா?

அந்தக் கரையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கட்டுமரத்தில் தொடங்கி, பைபர் படகு வரைக்கும் பார்த்தவர். வலை போட்ட இடத்தை மறுநாள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். கரையில் கிட்டத்தில் இருக்கும் ஒரு பனையையும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிகிற நாகூர்ப் பெரிய மினாராவையும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி படகை நிறுத்து. அது ஒரு கோடு. வடக்கே அதே மாதிரி ஒரு கோபுரத்தையும் ஒரு தோப்பின் ஓரத்தையும் பொருத்து. அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம் உன் இடம். நாகூர் மினாராவின் உயரம் 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பியது. தொழுகைக்கு அழைக்க எழுந்த கோபுரம், கடலில் இருக்கிறவனுக்கு வீட்டு வாசலையும் காட்டிக்கொண்டிருக்கிறது.

திசைகாட்டிப் பந்தயக்காரன் தான் நிற்கும் இடம் தெரியாமல் போனால் என்ன செய்கிறான்? தெரிந்த இரண்டு குன்றுகளின் திசையை ஊசியால் அளந்து, வரைபடத்தில் இரண்டு கோடு இழுத்து, வெட்டுமிடத்தைப் பார்க்கிறான். பெரியவர் மணலில் போட்ட கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு கோடு அங்கேயும், இரண்டு கோடு இங்கேயும்!

இந்தத் தேசத்தையே அளந்த கதையும் இந்தக் கோட்டுக் கதைதான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததுதான், பின்னால் இமயமலை உயரத்தைக் கண்டுபிடித்த மகா அளவைப் பணி. நம் பக்கத்துச் சமவெளிக்கு வந்தபோது அவருக்கு ஏறி நிற்கக் குன்று கிடைக்கவில்லை. கோவில் கோபுரங்களின் மேலே ஏறினார். 1808-ல் தஞ்சாவூர்க் கோவிலின் உச்சிக்கு ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள அந்தக் கருவி மோதி நசுங்கியது. பல வாரங்கள் உட்கார்ந்து தட்டிச் சரி செய்தார். வெள்ளைக்காரன் பூமியை அளக்கக் கோபுரத்தைத் தேடினான். நம் மீனவன் கடலை அளக்க அதே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிலே இருந்த நாம் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி.

இரவிலும் கணக்கு உண்டு. காரைக்கால் கரையிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே சுமார் 11 பாகை உயரத்தில் நிற்கும். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆகவே, ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே துருவம் தெரிந்தால் நம் ஊர் அட்சரேகையில் இருக்கிறோம். அது தாழ்ந்துகொண்டே போனால் தெற்கே போகிறோம். பழைய நாளில் சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இதை விரற்கணக்காலும் இராப்பலகை என்ற சிறு பலகையாலும் அளந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பிஜிக்குப் போக வேண்டாம். மொட்டை மாடிக்குப் போனால் போதும்.

இரண்டாவது ஆட்சேபணை செல்போன்.

கருவியை நான் பழிக்கவில்லை. பட்டினச்சேரியிலும் இன்று ஜி.பி.எஸ். இல்லாமல் விசைப்படகு கிளம்புவதில்லை, அது நல்லதுதான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974, 1976-ஆம் வருஷத்து ஒப்பந்தங்களில் வரைந்த எல்லைக் கோடு வரைபடத்தில் இருக்கிறதே தவிர, தண்ணீரில் இல்லை. 2025 ஜனவரி 28-ஆம் தேதி நெடுந்தீவுக்கு அருகே 13 மீனவர்கள் இருந்த காரைக்கால் படகை இலங்கைக் கடற்படை மடக்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் படுகாயம் அடைந்தார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பது இந்தக் கரையில் விளையாட்டு விஷயம் அல்ல. உயிர் போகிற விஷயம்.

ஆனால் அதே பெரியவர் சொன்னதையும் கேளுங்கள். "மிஷின் எடத்தச் சொல்லும் ஐயா. தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்லாது. வாடை எப்பத் திரும்பும்னு சொல்லாது. அதெல்லாம் நாமதான் பார்த்துக்கணும்." அவருக்குக் கருவி வேலைக்காரன். நம் பிள்ளைக்கோ அது எஜமான். இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்புகிறான். எதிரே குளம் இருந்தாலும் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் நிற்பான்.

இது வெறும் கிழட்டுப் புலம்பல் என்று நினைப்பவர்களுக்காக இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். லண்டன் நகரத்து டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை கொடுக்கிறவர்கள். அவர்களுடைய மூளையை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். வழியை நினைவு வைத்துக்கொள்ளும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2017-ல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி: தானே வழி யோசிக்கிறவனுக்கு அந்தப் பகுதி பரபரப்பாக வேலை செய்தது, கருவி சொன்னபடி போகிறவனுக்கு அந்தக் கூடுதல் வேலை நடக்கவே இல்லை. காலுக்கு நடை எப்படியோ, அந்த இடத்துக்கு வழி தேடுவது அப்படி.

ஜி.பி.எஸ். எல்லாருக்கும் கிடைக்கக் காரணமான கதையையும் சொல்ல வேண்டும். 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி கொரியப் பயணிகள் விமானம் ஒன்று பாதை தவறிச் சோவியத் ஆகாயத்துக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டார்கள். தானோட்டியை ஒரு காந்தத் திசையில் வைத்தவர்கள், அது பாதையைப் பிடித்துக்கொண்டது என்று நம்பிவிட்டார்கள். மணிக்கணக்காக யாரும் சரிபார்க்கவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், அப்போது தயாராகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். முறையைப் பொது உபயோகத்துக்குத் திறந்துவிடுவதாக அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அறிவித்தது. கருவியை நம்பி நாம் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அந்தக் கருவி நம்மிடம் வந்ததே கண்ணை மூடிக்கொண்டவர்களின் கதையால்தான்.

கருவி எங்கே வேண்டுமோ அங்கே வேண்டும். கேரளத்துக்காரரான அபிலாஷ் டோமி என்ற கடற்படை அதிகாரி, செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாமல், காகித வரைபடமும் செக்ஸ்டண்டும் கொண்டு தன்னந்தனியே உலகத்தைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' படகுப் பந்தயத்தில் 2018-ல் புறப்பட்டார். தென் இந்து மகா சமுத்திரப் புயலில் பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பும் அடிபட்டுக் கிடந்தார். அபாய அறிவிப்புக் கருவி கூவியதால்தான் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து தூக்கிற்று. அவரே 2022-ல் மறுபடி புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். வழியை அவர் பார்த்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்தென்றபோது கருவி கூப்பிட்டது. நான் கேட்ட அரக்கு வைத்த உறையும் அதுவேதான்.

மூன்றாவது ஆட்சேபணை: தொலைந்துபோனால்? மார்க் உண்டா?

தொலைந்துபோவார்கள். அதற்காகத்தானே அனுப்புகிறோம்! ஒரு பாகை பிசகினால் 60 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் விலகிவிடுவோம். நிரவியிலிருந்து கடற்கரை வரைக்கும் போகிற பிள்ளைக்கு அந்தப் பிசகு ஒரு வயலையோ ஒரு வாய்க்காலையோ மாற்றிவிடும், அவ்வளவுதான். கிழக்கே போனால் கடல். மேற்கே போனால் பஸ் ஓடுகிற சாலை. இந்த அளவு இடத்தில் பதின்மூன்று வயதில் தொலைந்து, தானே தன்னைக் கண்டுபிடிக்காத பிள்ளை, இருபத்திரண்டு வயதில் பெரிய நகரத்தில் வேலை தேடிப் போய்த் தொலையும்போது யார் கண்டுபிடிப்பது?

மார்க் விஷயம் வேறு. அதிலேதான் இந்தப் பந்தயம் நமக்கு ஒரு புதிய பாடம் வைத்திருக்கிறது. நம் பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் என்றால், பின்னால் முப்பத்தொன்பது பேர் நிற்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை பேரைப் பின்னால் விட்டோம் என்பதுதான் அங்கே பெருமை. இந்தப் பந்தயத்திலோ, அணியின் நேரம் என்பது கடைசி ஆள் வந்து சேர்ந்த நேரம். ஒருவர் விழுந்துவிட்டால் அணி முழுவதும் பந்தயத்தை இழக்கும். அல்லது வரிசையில் இடத்தை இழக்கும். ஆகவே பலசாலி தன் மூட்டையோடு இளைத்தவனின் மூட்டையையும் தூக்குகிறான். நல்ல மனசினால் மட்டும் தூக்கவில்லை. தூக்காவிட்டால் அவனும் போய்ச் சேர முடியாது என்பதால் தூக்குகிறான். நல்ல மனசு வருகிற வரையில் காத்திருக்காமல், சட்டத்தாலேயே அதை வரவழைத்துவிடுகிறார்கள்.

பிஜிப் பந்தயத்தில் அமெரிக்க அணி ஒன்றில் தகப்பனும் மகனும் இருந்தார்கள். தகப்பன் மார்க் மேசி, பழைய பந்தயங்களில் பேர் வாங்கியவர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு அல்ஸைமர் என்ற மறதி நோய் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த நோயில் ஆரம்பத்திலேயே தட்டுப்படுகிற குறைகளில் ஒன்று வழி மறப்பது. வழி தேடுவதே வேலையான ஒரு பந்தயத்துக்கு, வழி மறக்கும் தகப்பனை மகன் டிராவிஸ் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் வந்தது நியூசிலாந்து அணிதான். கோப்பையை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என் பிள்ளைக்கு நான் காட்ட விரும்புகிற அணி அந்தத் தகப்பனும் மகனும் நடந்த அணி.

இனி நிர்வாகி குரலைத் தாழ்த்திச் சொன்ன நான்காவது காரணம்.

"சார், உங்களுக்குத் தெரியாததில்லே. நாலு நாலு பேரா நீங்க கலந்து பிரிப்பீங்க. தெருப் பிள்ளையும் இருக்கும், குப்பத்துப் பிள்ளையும் இருக்கும். பொம்பளைப் பிள்ளைங்க வேற. பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க."

இதுதான் காரணம். மற்ற மூன்றும் இதன் மேலே போர்த்திய சால்வை.

அன்பர்களே, மாசி மகத்தன்று பட்டினச்சேரிக் கடற்கரைக்கு யார் வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அவருடைய பத்மினி நாச்சியார் மீனவர் குலத்துப் பெண் என்பது ஐதிகம். அதனால் அந்தக் கரைக்காரர்களுக்கு அவர் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை சாமி" என்று கூவி வரவேற்றுத் தோளிலே சுமக்கிறார்கள். சுமக்கிறவர்களை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். நெட்டையன் முழங்காலை மடக்கிக்கொள்கிறான். குட்டையன் தோளில் துணி மடித்து வைத்துக்கொள்கிறான். ஒருவன் கால் மணலில் புதைந்தால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். கடைசி ஆளின் நடைதான் பல்லக்கின் நடை. பிரெஞ்சுக்காரர் 1989-ல் எழுதிய சட்டம் நம் கடற்கரையில் வருஷந்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்றைக்கு ஊரே அங்கே போகிறது. சேவித்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு திரும்புகிறது. பெருமாள் அவர்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கலாம். உங்கள் பிள்ளை மட்டும் அவர்கள் பிள்ளையோடு அரை நாள் சேர்ந்து நடந்துவிடக் கூடாது! இந்த நியாயத்தை எந்தத் திசைகாட்டியில் பார்த்தீர்கள்?

பள்ளிக்கூடம் சம்மதிக்கவில்லை. ஆகவே மாசி மகம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே நாலு பேரை அனுப்பினேன். ஒன்பதாவது படிக்கும் என் பெண், அவளுடைய தோழி ஒருத்தி, பட்டினச்சேரிப் பையன் ஒருவன், அவனுடைய தங்கை. பையன் என் பெண்ணின் வகுப்புதான். பூகோளப் பரீட்சையில் வரைபடம் குறிக்கும் கேள்வியில் எப்போதும் பூஜ்யம் வாங்குகிறவன் என்று அவளே எனக்கு எச்சரிக்கை செய்திருந்தாள்.

கடற்கரையில் நான் இளநீரோடு காத்திருந்தேன். பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டும். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. மூன்று தடவை செல்போனைக் கையில் எடுத்து மூன்று தடவை பைக்குள்ளே போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நிர்வாகி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக என் காதிலே ஒலித்தது. பக்கத்தில் அந்தப் பையனின் தாயார், மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மணி ஆயிட்டுதே அம்மா" என்றேன்.

"நாலு பேரு சேந்துதானே போயிருக்கு. தனியாப் போனாத்தான் சார் பயம்" என்றாள். அவள் எத்தனை வருஷம் அந்த மணலில் இப்படி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றரை மணிக்கு வந்தார்கள். தோழியின் செருப்பு வார் அறுந்து, ஒரு காலில் பையனின் தங்கையுடைய செருப்பு. அந்தக் குழந்தை வெறுங்காலோடு. வரைபடம் காட்டிய நேர்வழியில் போய் ஒரு வாய்க்காலில் முட்டிக்கொண்டார்களாம். என் பெண் இறங்கிக் கடக்கலாம் என்றிருக்கிறாள். பையன், "ஏத்தத் தண்ணி உள்ளே வந்திருக்கு, இப்ப எறங்கக் கூடாது" என்று தடுத்துவிட்டான். வாய்க்காலோரமாக எங்கேயாவது மதகு இருக்க வேண்டும் என்றும் அவன் சொல்லியிருக்கிறான். அந்த மதகை வரைபடத்தில் தேடிப் பிடித்து, எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று சொன்னது என் பெண். இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அவர்கள் வந்திருக்க முடியாது. அவனுக்குப் பூஜ்யம் போட்ட கேள்வித்தாளில் தண்ணீர் ஏறுவதைப் பற்றிக் கேள்வி இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய என் பெண்ணுக்குத் தண்ணீர் ஏறும் என்பதே தெரியாது.

இளநீரைக் குடித்துவிட்டு நால்வரும் வரைபடத்தை மணலில் விரித்து, தங்கள் வழியைப் பென்சிலால் குறித்தார்கள். எவ்வளவு கோணல்! பையன் அந்த மதகுக்குத் தன் ஊரில் வழங்குகிற பெயரைச் சொன்னான். அச்சிட்ட வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. என் பெண் எழுதிச் சேர்த்தாள்.

நம் கரைகளின் விவர வரைபடங்கள் நெடுநாள் வரை சாதாரண ஜனங்கள் சுலபமாக வாங்க முடியாதவையாக இருந்தன. பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டி வைத்திருந்தார்கள். 2005-ல் ஒரு கொள்கையும் 2021 பிப்ரவரியில் ஒரு விதிமுறையும் வந்து அந்தப் பூட்டைத் தளர்த்தின. சர்க்காரே பூட்டைத் தளர்த்தியாயிற்று. தெருவுக்கும் குப்பத்துக்கும் நடுவே நாம் போட்டிருக்கிற பூட்டுக்கு மட்டும் எந்த விதிமுறைக்காகக் காத்திருக்கிறோம்?

நிர்வாகி அவர்களே! அடுத்த தை மாதமும் நான் உங்களிடம் வருவேன். மார்க் தர வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாருங்கள். பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் அவர்களையும் கூப்பிடுங்கள். கடற்கரையில் எங்களோடு உட்கார்ந்து காத்திருக்கட்டும். வரைபடம் என்னிடம் இருக்கிறது, மதகின் பெயரோடு. இளநீர்ச் செலவும் என்னுடையது.